விமானத்தைப் படம் எடுத்தால் உளவாளியா?

திருவண்ணாமலை, ரமணாசிரமம் பகுதி:

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. காலை ஏழு மணி. பெஞ்சில் ஒரு டச்சுக்காரர். காவி வேட்டி, கழுத்தில் ருத்ராட்சம். பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு கேமரா.

கிரிவலப் பாதையில் மயிலைப் படம் எடுக்க வந்தவர் என்றுதான் நினைத்தோம். இல்லை. கேமராவைத் திருப்பிக் காட்டினார். மலையும் இல்லை, மயிலும் இல்லை. விமானம், விமானம், விமானம்! ஒரு வாரம் சிங்கப்பூரில் தங்கிவிட்டு இங்கே வந்திருக்கிறார். கடைவீதி பக்கமே போகவில்லையாம். சாங்கி கடற்கரையில் பாயை விரித்து உட்கார்ந்து, தலைக்கு மேல் இறங்கும் ஜெட் விமானங்களையே எடுத்துத் தள்ளியிருக்கிறார்.

எட்டிப் பார்த்த ஆட்டோ டிரைவர் கேட்டார்: "ஏன் சாமி, இதே விமானம் நம்ம மீனம்பாக்கத்துலயும் இறங்குதே. அங்க எடுக்கலையா?"

டச்சுக்காரர் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் காட்டினார். விலங்கு! அப்புறம் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார்.

கடையில் இருந்த யாருக்கும் சிரிப்பு வரவில்லை. முக்கியமாக அந்தப் பையனுக்கு. பிளஸ் 2 படிக்கிறான். அவனிடமும் ஒரு நோட்டு உண்டு. மொட்டை மாடியில் நின்று, செல்போனையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, எந்த விமானம் எந்த நேரம் நம்ம மலைக்கு மேலே போனது என்று எழுதி வைக்கிறான். நம் ஊரில் ஏர்போர்ட் இல்லையே என்று கேட்கலாம். மேப்பில் சென்னைக்கும் கோவைக்கும் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். கோடு கிட்டத்தட்ட திருவண்ணாமலை தலைமேலேயே போகும்.

"அண்ணே, நான் எழுதுறதும் தப்பாண்ணே?" என்றான் பையன்.

டிரைவருக்குப் பதில் தெரியவில்லை. நாமும் விசாரித்துப் பார்த்தோம்.

இது என்ன பொழுதுபோக்கு?

சிலர் தபால் தலை சேர்ப்பார்கள். சிலர் ரெயில் என்ஜின் நம்பர் எழுதுவார்கள். அதுபோல ஒரு பழக்கம் இது. ஒவ்வொரு விமானத்துக்கும் வால்பக்கத்தில் ஒரு பதிவு எழுத்து இருக்கும். நம்ம நாட்டு விமானம் என்றால் "வி.டி." என்று ஆரம்பிக்கும். சிங்கப்பூருக்கு "9 வி". இலங்கைக்கு "4 ஆர்". பஸ்சுக்கு "டி.என்.25" போட்டிருந்தால் நம்ம மாவட்டம் என்று தெரிந்துகொள்கிறோமே, அதே மாதிரி. இந்த எழுத்தைப் படித்துக் குறித்து வைப்பவர்கள், படம் எடுத்துச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சென்னையிலும் இருக்கிறார்கள்.

ஏதோ வேலை வெட்டி இல்லாதவர்கள் செய்வது என்று எண்ண வேண்டாம். இதில் படிப்பு இருக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். மீனம்பாக்கத்துப் பெரிய ஓடுபாதை மேற்கு-தென்மேற்கிலிருந்து கிழக்கு-வடகிழக்காகக் கிடக்கிறது. நீளம் சுமார் 3,660 மீட்டர். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பரங்கிமலைப் பக்கமிருந்து இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பினால் பல்லாவரம், பம்மல் பக்கமிருந்து இறங்கும். இது தெரியாதவன் கேமராவோடு போய்த் தப்பான பக்கம் நின்று, வெறும் வாலைத்தான் படம் எடுப்பான்.

வெளிச்சமும் அப்படித்தான். திரிசூலம் மலை ஏர்போர்ட்டுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும். படம் பளிச்சென்று விழும். பத்து மணிக்கு மேல் தார் சூடேறிவிடும். கானல் எழும்பும். அப்புறம் எவ்வளவு விலை உயர்ந்த லென்சு வைத்திருந்தாலும் விமானம் தண்ணீருக்குள் நெளிகிற மாதிரிதான் தெரியும்.

தீவுகளில் கொண்டாட்டம்

இந்தப் பழக்கத்துக்கு உலகத்திலேயே பேர்போன இடம் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் மார்ட்டின் தீவு. ஓடுபாதை முடிகிற இடத்தில் ஒரு சின்ன ரோடு. ரோட்டைத் தாண்டினால் மாஹோ கடற்கரை. குளிப்பவர்களின் தலைக்கு மேலே, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல ஜெட் இறங்கும். அதைப் பார்க்கவே வெளிநாட்டுக்காரர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஓட்டலும் பிழைக்கிறது, பாரும் பிழைக்கிறது. ஆபத்தும் உண்டு. என்ஜின் காற்று ஆளைத் தூக்கி எறியும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அதையும் மீறி வேலியைப் பிடித்து நின்ற நியூசிலாந்துப் பெண் ஒருவர் 2017 ஜூலையில் தூக்கி வீசப்பட்டு இறந்துபோனார்.

தாய்லாந்தின் புக்கெட் தீவிலும் ஓடுபாதையை ஒட்டிக் கடற்கரை. அங்கே 2019-ல் அதிகாரிகள் ஒரேயடியாகப் பயமுறுத்தினார்கள். விமானத்துக்கு ஆபத்து உண்டாக்கும்படி அங்கே நின்று செல்பி எடுத்தால் அதிகபட்சமாக மரண தண்டனை வரை போகலாம் என்று சொன்னதாக உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. செல்பிக்குத் தூக்கா என்று ஊரே சிரித்தது.

சிங்கப்பூர்க்காரன் இரண்டும் செய்யவில்லை. கோடு போட்டுவிட்டான். சாங்கியும் தீவு ஏர்போர்ட்தான். டெர்மினலுக்குள்ளேயே பொதுமக்கள் உட்கார்ந்து விமானம் பார்க்க இடம் உண்டு. டிக்கெட் எடுத்த பயணியாக இருக்க வேண்டியதில்லை. குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பாக்கள் வருகிறார்கள். கடற்கரையில் கேமராவோடு நிற்பவனைப் போலீசார் விரட்டுவது கிடையாது.

அதே சாங்கிக்குப் பக்கத்தில் விமானப்படைத் தளமும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடங்களின் வேலியில் நாலு மொழியில் எச்சரிக்கைப் பலகை. அதில் ஒன்று தமிழ்! 2018-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, தடை போட்ட இடத்தைப் படம் எடுப்பவனை அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்கலாம். படத்தை அழிக்கச் சொல்லலாம். இங்கே எடு, அங்கே எடுக்காதே. அவ்வளவுதான் விஷயம்.

டெல்லி ஓட்டலில் நடந்தது

டச்சுக்காரர் காட்டிய விலங்கு வெறும் கற்பனை இல்லை.

2010 பிப்ரவரி. டெல்லி ஏர்போர்ட் அருகே ஒரு ஓட்டல். இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் வந்து தங்கினார்கள். ஓடுபாதை தெரிகிற ரூம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். ரூமுக்குள் கேமரா, பைனாகுலர், விமானிகளின் பேச்சைக் கேட்கும் ரேடியோக் கருவி. ஓட்டல்காரர்களுக்குச் சந்தேகம். போலீசுக்குப் போன் போனது. இருவரும் கைது. மும்பைத் தாக்குதல் நடந்து ஒன்றேகால் வருடம்தான் ஆகியிருந்தது. அந்தச் சூட்டில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஏப்ரலில் கோர்ட்டு ஆளுக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டு ஊருக்கு அனுப்பியது. அனுமதி இல்லாமல் ரேடியோக் கருவி வைத்திருந்ததுதான் கடைசியில் நின்ற குற்றம். உளவு இல்லை.

ரமண நகரில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் விடுகிறவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகப் புரியும். ஆள் வந்த 24 மணி நேரத்துக்குள் பாரம் கொடுத்தாக வேண்டும். ரூமுக்குள் ஏதோ ஒரு கருவி கண்ணில் பட்டால் வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விடும்.

நாம் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டுக் கலமாட்டா விமானத் தளத்தில், 12 இங்கிலாந்துக்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்து உள்ளே போட்டார்கள். 2002 ஏப்ரலில் 8 பேருக்கு மூன்று வருடச் சிறை, மற்றவர்களுக்கு ஒரு வருடம் என்று தீர்ப்பு. நவம்பரில் அப்பீல் கோர்ட்டு எல்லோரையும் விடுதலை செய்தது. விமானத்தின் நம்பரை எழுதுவது ஒரு பொழுதுபோக்கு என்று கிரேக்க நாட்டுக்குப் புரியவைக்க ஒரு வருடம் பிடித்தது!

பயம் பொய் இல்லை

போலீசார் பயப்படுவதை நாம் கேலி செய்யவில்லை. செய்யவும் கூடாது. 1984 ஆகஸ்டு 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்தது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். 1986 மே 3-ல் கொழும்பு கட்டுநாயக்காவில் ஏர் லங்கா விமானத்துக்குள் குண்டு. 21 பேர் பலி. 2001 ஜூலை 24 விடியற்காலை அதே கட்டுநாயக்காவில் புலிகள் புகுந்தார்கள். ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் மூன்று ஏர்பஸ் விமானங்களும், பக்கத்தில் இருந்த விமானப்படையின் எட்டு விமானங்களும் எரிந்து சாம்பலாயின.

விமானம் பார்க்கவே குடும்பத்தோடு மீனம்பாக்கம் போன காலம் ஒன்று இருந்தது. பெரியவர்களைக் கேட்டால் புளியோதரைப் பொட்டலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் காலம் ஏன் போனது என்பதற்கு மேலே சொன்ன தேதிகளே போதும்.

போன வருடங்களின் கதையும் அப்படித்தான். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் நடந்து முடிந்த கையோடு, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஓர் உத்தரவு போட்டது. ராணுவ விமானத் தளங்களில் ஏறி இறங்கும்போது பத்தாயிரம் அடி வரை ஜன்னல் மறைப்பை இறக்கிவிட வேண்டும், போட்டோவும் வீடியோவும் கூடாது என்றது. அதே மாதம் அரியானாவைச் சேர்ந்த ஒரு பயண வீடியோக்காரர் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார். கேமராவைப் பார்த்தாலே காக்கிச்சட்டைக்குக் கை பரபரப்பதில் ஆச்சரியம் இல்லை.

சட்டம் சொல்வது என்ன?

1937-ம் வருடத்து விமான விதிகள். வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. அதில் 13-வது விதி. அரசாங்க விமான நிலையத்திலோ, பறக்கும் விமானத்திலிருந்தோ, எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் போட்டோ எடுக்கக்கூடாது. அந்தக் காலத்தில் கேமரா என்றால் ஜமீன்தார் வீட்டுப் பொருள். இன்றைக்கு டீ மாஸ்டர் பாக்கெட்டில் இருக்கிறது.

பயணிகளுக்கு 2004-ல் சலுகை கொடுத்தார்கள். விமானத்துக்குள் இருந்தபடி படம் எடுக்கலாம். 2020 செப்டம்பரில் ஒரு நடிகை வந்த விமானத்தில் பத்திரிகைக்காரர்கள் முண்டியடித்தபோது, இயக்குநரகம் முதலில் கண்டிப்பாக எச்சரித்தது. அடுத்த நாளே "2004 சலுகை அப்படியே இருக்கிறது, பயணிகள் எடுக்கலாம்" என்று விளக்கம் சொன்னது. ஒரே நாளில் இரண்டு குரல்!

இப்போது நம்ம பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். ஏர்போர்ட் சுவருக்கு வெளியே, பொது ரோட்டில், சொந்த மொட்டை மாடியில் நின்று வானத்தில் போகிற பயணிகள் விமானத்தைப் படம் எடுத்தால்? அந்த விதியின் எழுத்தில் அது வரவே இல்லை. ராணுவத் தளத்தின் பக்கம் போனால் கதை வேறு. அதற்கு 1923-ம் வருடத்து அரசாங்க ரகசியச் சட்டம் இருக்கிறது. தாம்பரம் விமானப்படை, அரக்கோணம் கடற்படைத் தளம் பக்கமெல்லாம் கேமராவை எடுத்துவிட்டு, "பொழுதுபோக்கு சார்" என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

ஆக, சாதாரண ஏர்போர்ட்டின் சுவருக்கு வெளியே நிற்பவனுக்கு, எடுக்கலாம் என்றும் பலகை இல்லை. கூடாது என்றும் தெளிவு இல்லை. அந்த நேரத்தில் அங்கே வருகிற போலீஸ்காரரின் மனசுதான் சட்டம். நல்லவர் வந்தால் "சரி, கிளம்பு தம்பி". வேறு மாதிரி ஆள் வந்தால் ஸ்டேஷன், செல்போன் பறிமுதல், அப்பாவுக்கு அழைப்பு.

ரகசியம் எங்கே இருக்கிறது?

டெல்லி ஓட்டலில் அந்த இருவரும் ரேடியோ வைத்துத் தேடியது என்ன? எந்த விமானம், எங்கே இருந்து வருகிறது, எத்தனை அடி உயரம். அதையெல்லாம் இன்றைக்கு நம்ம ஆட்டோ டிரைவர் சவாரிக்காகப் பார்க்கிறார். "சார் பிளைட் லேட்டா?" என்று செல்போன் ஆப்பில் தட்டினால் விமானம் கடலுக்கு மேலே ஊர்ந்து வருவது தெரிகிறது. பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் தன் இடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் தானே ரேடியோவில் ஒலிபரப்பிக்கொண்டே பறக்கிறது. ஒன்றோடு ஒன்று மோதாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதைப் பிடித்து மேப்பில் காட்டுகிறது ஆப். ஊருக்கே தெரிந்ததைப் பையன் நோட்டில் எழுதினால் என்ன ரகசியம் போய்விடும்?

இன்னொன்று. 2024 அக்டோபர் 6. மெரினாவில் விமானப்படைச் சாகசம். 72 விமானங்கள். லட்சக்கணக்கில் ஜனம். வெயிலிலும் நெரிசலிலும் 5 பேர் இறந்த சோகமும் நடந்தது. அன்றைக்கு வானத்தில் பறந்தது பயணிகள் விமானம் இல்லை, போர் விமானம்! கடற்கரை முழுக்கக் கைகள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தன. அரசாங்கமே வா என்று கூப்பிட்டுக் காட்டியது. விமானம் பார்க்க ஜனங்களுக்கு எவ்வளவு ஆசை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மொட்டை மாடியில் ஒரு பையன்

2025 ஜூன் 12. அகமதாபாத். ஏர்போர்ட் அருகே மொட்டை மாடியில் 17 வயதுப் பையன். விமானம் என்றால் அவனுக்கு ஆசை. ஊரில் சிநேகிதர்களுக்குக் காட்டலாம் என்று லண்டன் போகும் ஏர் இந்தியா விமானத்தைச் செல்போனில் எடுத்தான். ஏறிய விமானம் ஏறவில்லை. அவன் கண் முன்னே கீழே போனது. தீப்பிழம்பு. விமானத்தில் 241 பேர், தரையில் 19 பேர், மொத்தம் 260 பேர் பலி.

அந்தச் சில விநாடி வீடியோவைத்தான் உலகமே பார்த்தது. நிபுணர்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். மின்சாரம் போனால் விமானத்தின் வயிற்றிலிருந்து தானாக வெளியே விழும் ஒரு சின்னக் காற்றாடி உண்டு. அது வெளியே வந்திருந்ததா என்ற விவாதம் கிளம்பியதே அந்தப் படத்தை வைத்துத்தான். வந்திருந்தது என்று ஒரு மாதம் கழித்து வந்த முதல்கட்ட விசாரணை அறிக்கை சொன்னது.

பையனுக்கு என்ன ஆனது? போலீசார் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். உடனே "கைது" என்று வதந்தி பறந்தது. "கைது இல்லை, அவன் சாட்சி" என்று போலீசாரே அறிவிக்க வேண்டியதாயிற்று. சாட்சி சொன்னவனையே குற்றவாளியாக ஊர் நினைத்தது என்றால், விமானத்தைப் படம் எடுப்பதே தப்பு என்ற எண்ணம் நம் மனசில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது பாருங்கள்.

கேமராவின் கண் பெரிய இடத்து ரகசியத்தையும் பிடித்திருக்கிறது. 2004 ஜனவரியில் ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவு ஏர்போர்ட்டில், விமானம் பார்க்கும் பழக்கமுள்ள ஒருவர் ஒரு வெள்ளை போயிங் 737-ஐப் படம் எடுத்து வைத்தார். பிறகுதான் தெரிந்தது, அது அமெரிக்க சி.ஐ.ஏ. ஆள் கடத்தப் பயன்படுத்திய விமானம். அங்கிருந்து மாசிடோனியா போய், காலித் எல் மஸ்ரி என்ற ஜெர்மனி நாட்டுக்காரரை ஏற்றி ஆப்கானிஸ்தான் சிறைக்குக் கொண்டுபோனது. அவர் நிரபராதி. 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு மாசிடோனியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி, 60 ஆயிரம் யூரோ நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. விமான நம்பர்களைப் பொழுதுபோக்காகக் குறித்து வைத்தவர்களின் நோட்டுகள், அந்தக் கடத்தல் விமானங்களின் தடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய உதவியாக இருந்தன.

கோபுரமும் கருவறையும்

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரமத்துக்குப் பின்னால் மலைப் பாதையில் ஏறி ஸ்கந்தாசிரமம் பக்கத்துப் பாறையில் நின்றால், பெரிய கோயில் முழுசும் கீழே தெரியும். வருகிறவர்கள் எல்லாம் படம் எடுக்கிறார்கள். யாரும் தடுப்பதில்லை. கருவறையில் கேமரா தூக்கினால் விடுவார்களா? மாட்டார்கள். 2022 டிசம்பரில் ஐகோர்ட்டு கோயில்களுக்குள் செல்போனே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கோபுரத்தை எடு, கருவறையை எடுக்காதே. இந்தக் கோடு பாமரனுக்கும் புரிகிறது, வெள்ளைக்காரனுக்கும் புரிகிறது.

ஏர்போர்ட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கோடு இல்லை? எல்லா இடத்துக்கும் ஒரே அளவு கேட்கவில்லை. நம்ம நாட்டுத் தீவு ஏர்போர்ட் என்றால் அந்தமான். போர்ட் பிளேர் என்று இருந்த ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாற்றினார்கள். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தமிழ் ஆட்கள் நிறைய உள்ள ஊர். 2023 ஜூலையில் சிப்பி வடிவத்தில் அழகான புது டெர்மினல் திறந்தார்கள். ஆனால் ஓடுபாதை கடற்படையுடையது. அங்கே கேமராவை மூடு என்றால் மூடத்தான் வேண்டும். காரணம் இருக்கிறது.

மீனம்பாக்கத்துக்கு என்ன காரணம்? 2022 ஜூலையில் திமிங்கிலம் மாதிரி மண்டை பெருத்த ஏர்பஸ் "பெலுகா" சரக்கு விமானம் பெட்ரோல் போட இறங்கியபோது, படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. நாடு ஒன்றும் ஆடிப்போகவில்லை. திரிசூலத்துப் பக்கம் ஒரு மேடை, வேலி, ஆதார் பார்த்து ஒரு பாஸ், பத்து ரூபாய் டிக்கெட். பாதுகாப்புக்காரர்களுக்கும் அதில் லாபம்தான். தினம் வருகிற முப்பது பையன்களின் முகம் பழகிவிடும். புதுசாக ஒருவன் வந்து விமானத்தை விட்டுவிட்டு வேலியைப் படம் எடுத்தால், முதலில் சத்தம் போடுவது அந்தப் பையன்களாகத்தான் இருக்கும்.

செலவு பெரிதில்லை. யார் கையெழுத்துப் போடுவது என்பதுதான் தகராறு. ஏர்போர்ட் மத்திய அரசு, வாசல் காவல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை, ரோடு சென்னைப் போலீசு. மூன்று பேருக்கும் "கூடாது" என்று சொல்வது சுலபம். "எடுக்கலாம்" என்று சொன்னவன்தான் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் மறுநாள் டீக்கடையில் பையனிடம் சொன்னோம். நோட்டு எழுதுவது தப்பே இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. அரையாண்டு லீவில் மெட்ராசு போகப் போகிறானாம். பஸ்சில் கிளாம்பாக்கம், அங்கிருந்து தாம்பரம், அப்புறம் எலக்ட்ரிக் ரெயிலில் திரிசூலம்.

"திரிசூலநாதர் கோயில் பக்கம் நின்னா நல்லா தெரியுமாம்ணே. கேமரா எடுத்துக்கட்டுமா?"

டிரைவர் நம்மைப் பார்த்தார். நாம் டீக்கிளாசைப் பார்த்தோம்.

"பைனாகுலர் மட்டும் எடுத்துக்கோ தம்பி," என்றார் டிரைவர். "போலீசு கேட்டா, சாமி கும்பிட வந்தேன்னு சொல்லு."